கணக்குப்பிள்ளை பிரதமரான கதை

கிரேக்க நாட்டுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. நாடு முட்டுச்சந்தில் போய் நின்னுட்டா, அரசியல்வாதிகள் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டு, கடைசியில் ஒரு வங்கிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. கொஞ்ச நாள் இந்த நாற்காலியில் உட்காருங்க, நிலைமை சரியானதும் நாங்க வந்து வாங்கிக்கறோம், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரு தடவை ரெண்டு தடவை இல்லீங்க, பல தடவை இப்படி நடந்திருக்கு.

அந்த வரிசையில் வந்தவர் லூக்காஸ் பாப்பதேமோஸ். 2011 நவம்பரில் இருந்து 2012 மே வரைக்கும் ஏறத்தாழ ஆறு மாசம் கிரேக்கத்தின் பிரதமர். கட்சி கிடையாது, தொகுதி கிடையாது, தேர்தல்ல நின்னதே கிடையாது. காபந்து பிரதமர்னு சொன்னாலும், உலக வரலாற்றிலேயே அதுவரை நடந்ததில் பெரிய கடன் தள்ளுபடி இந்த மனுஷர் நாற்காலியில் இருந்தப்போதான் நடந்தது. எனக்கு இவரைப் பிடிக்குமா பிடிக்காதான்னு கேட்டா, ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் கொஞ்சம் விரிவாவே எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல அவருக்கு முன்னாடி வந்தவங்கள்ல மூணு பேரைப் பார்த்துடுவோம். பின்னாடி தேவைப்படும்.

1941 ஜனவரி 29. கிரேக்கத்தின் சர்வாதிகாரியா இருந்த மெடாக்ஸாஸ் இறந்து போறார். முசோலினியின் படையோட போர் நடந்துக்கிட்டிருக்கு. மன்னர் இரண்டாம் ஜார்ஜ் கூப்பிட்டது தேசிய வங்கியின் தலைவரா இருந்த அலெக்சாண்ட்ரோஸ் கொரிஸிஸ் என்பவரை. ஏப்ரல் 6ஆம் தேதி ஹிட்லரின் படையும் உள்ளே நுழைஞ்சது. ஏப்ரல் 18 அன்னிக்கு, ஜெர்மன் படை ஏதென்ஸை நெருங்கிக்கிட்டிருந்த நேரத்துல, கொரிஸிஸ் தன்னைத்தானே சுட்டுக்கிட்டு இறந்தார். பதவியில் இருந்தது மூணு மாசம்கூட இல்லை.

அவருக்கு அப்புறம் வந்தவரும் வங்கிக்காரர்தான். எம்மானுவேல் சூதெரோஸ், கிரேக்க மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர். ஏதென்ஸ் விழுறதுக்கு முன்னாடி மன்னரோட கிரீட் தீவுக்குப் போய், அங்கிருந்து எகிப்துக்குப் போய், 1944 வரைக்கும் நாடு கடந்த அரசை நடத்தினார். இந்தப் பக்கம் ஏதென்ஸ்ல ஜெர்மன்காரங்க ஒரு பொம்மை அரசை உட்கார வெச்சாங்க. அதன் தலைவர் ஜெனரல் சோலாகோக்லு. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. எழுபது வருஷம் கழிச்சு இது திரும்ப வரும்.

மூணாவது ஆள் செனஃபோன் சோலோட்டாஸ். இவர் சுவாரஸ்யமான பெரியவர். மத்திய வங்கியில் பல வருஷம் ஆளுநரா இருந்தவர். 1967ல் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்போ, எனக்கு வேண்டாம்னு பதவியை விட்டு வெளியேறினவர். 1957லயும் 1959லயும் வாஷிங்டன்ல உலக வங்கிக் கூட்டத்தில் இவர் பேசின ரெண்டு ஆங்கில உரைகள் ரொம்பப் பிரபலம். இணைப்புச் சொற்களைத் தவிர கிட்டத்தட்ட எல்லாமே கிரேக்க மூலம் உள்ள ஆங்கிலச் சொற்கள்! உங்க பாஷையில பாதி எங்க பாஷைதான்யான்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு வந்திருக்கார் மனுஷர் :-) 1989ல் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காம ரெண்டு தேர்தல் நடந்தப்போ, வலதுசாரி, சோஷலிஸ்ட், இடதுசாரி மூணு தரப்பும் சேர்ந்து இவரைப் பிரதமராக்கினாங்க. அப்போ வயசு 85. 1990 ஏப்ரல் தேர்தல் வரை நாற்காலியைப் பத்திரமா பார்த்துக்கிட்டு ஒப்படைச்சுட்டுப் போயிட்டார். நூறு வயசு வரைக்கும் வாழ்ந்து 2004ல் காலமானார்.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம்.

பாப்பதேமோஸ் 1947 அக்டோபர் 11 அன்று ஏதென்ஸில் பிறந்தவர். படிச்சது அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில். முதல்ல இயற்பியல், அப்புறம் மின் பொறியியல், கடைசியா பொருளாதாரத்தில் முனைவர் பட்டம். 1975ல் ஃபிராங்கோ மோதிக்லியானியோட சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மோதிக்லியானி பின்னாளில், 1985ல், நோபல் பரிசு வாங்கினவர். அந்தக் கட்டுரையின் சாரம் இதுதான்: வேலையில்லாதவங்க எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனா விலைவாசி ஏறிக்கிட்டே போகும், அந்த அளவு எதுன்னு கண்டுபிடிச்சு அதைத் தாண்டாம கொள்கை வகுக்கணும். இன்னிக்கும் பொருளாதாரப் பாடப்புத்தகங்களில் இருக்கற கருத்து இது. வேலையின்மையை இப்படி ஒரு எண்ணா ஆராய்ச்சி பண்ணின அதே மனுஷர் பிரதமரா இருந்தப்போ, அவர் நாட்டில் ஐந்தில் ஒருத்தருக்கும் மேல வேலை இல்லை. இளைஞர்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. விதியின் விளையாட்டுன்னு சொல்றது இதைத்தானோ.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொஞ்ச வருஷம் பாடம் நடத்திட்டு, 1985ல் கிரேக்க மத்திய வங்கிக்குத் தலைமைப் பொருளாதார நிபுணரா வந்தார். 1993ல் துணை ஆளுநர், 1994ல் ஆளுநர். அப்போ அங்கே பணவீக்கம் பத்து சதவீதத்துக்கு மேல. கிரேக்க நாணயமான திராக்மாவை நம்பி யாரும் சேமிக்க மாட்டாங்க. இவர் வந்து வட்டியை உசத்தி, நாணய மதிப்பை இறுக்கிப் பிடிச்சு, பத்தாண்டு முடியறதுக்குள்ள பணவீக்கத்தை மூணு சதவீதத்துக்கும் கீழே கொண்டு வந்தார். பிரதமர் சிமிடிஸோட அரசுக்கு இருந்த ஒரே குறிக்கோள் யூரோவில் சேர்றது. 2001 ஜனவரி 1 அன்னிக்கு அதுவும் நடந்தது. 340.75 திராக்மாவுக்கு ஒரு யூரோ. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏதென்ஸ் சந்தையில் புழங்கின பேரைத் தாங்கின நாணயத்துக்கு மூடுவிழா.

இங்கேதான் முதல் சிக்கல். 2004ல் புதுசா வந்த அரசு பழைய கணக்கைத் தூசு தட்டிப் பார்த்தப்போ, யூரோவில் சேர்றதுக்கான விதியான மூணு சதவீதப் பற்றாக்குறை வரம்புக்குள்ள கிரேக்கம் இருக்கவே இல்லைன்னு தெரிய வந்தது. 2001ல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியோட ஒரு நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டு, கடனில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாம மறைச்ச விஷயமும் பின்னாடி வெளியே வந்து நாறிப்போச்சு. அந்த ஒப்பந்தத்தைப் போட்டது அரசின் பொதுக்கடன் அலுவலகம், மத்திய வங்கி இல்லை. இதை நேர்மையா சொல்லணும். ஆனா நாட்டின் மத்திய வங்கி ஆளுநர் நாட்டின் கணக்கை எவ்வளவு தூரம் தெரிஞ்சு வெச்சிருக்கணும்னு கேக்கறவங்க வாயை இந்த ஒரு பதிலால் மூட முடியாது. கடைசி வரைக்கும் அந்தக் கேள்வி அவரைத் துரத்திக்கிட்டேதான் இருந்தது.

2002ல் அவர் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போயிட்டார். ஐரோப்பிய மத்திய வங்கியின் துணைத் தலைவர், எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் ஊரில் என்ன நடந்தது? யூரோ வந்ததால ஜெர்மனிக்குக் கிடைக்கற வட்டியிலேயே கிட்டத்தட்ட கிரேக்கத்துக்கும் கடன் கிடைச்சது. வாங்கித் தள்ளினாங்க. ஒலிம்பிக்ஸ், அரசு வேலை, ஆயுதம், ஓய்வூதியம் எல்லாம் கடனில் ஓடினது. வரி கட்டாத பெரிய மனுஷங்களை யாரும் கண்டுக்கலை. 2009 அக்டோபரில் ஜார்ஜ் பாப்பாண்ட்ரூ பிரதமரானதும் குண்டைத் தூக்கிப் போட்டார். நாலு சதவீதத்துக்குள்ள இருக்கும்னு சொல்லிக்கிட்டிருந்த பற்றாக்குறை உண்மையில் பன்னிரண்டு சதவீதத்துக்கும் மேல! கடைசியில் கூட்டிக் கழிச்சுப் பார்த்தப்போ பதினஞ்சைத் தாண்டிடுச்சு. கடன் கொடுக்க ஆள் இல்லை. 2010 மே மாசம் ஐரோப்பிய நாடுகளும் ஐ.எம்.எஃப்பும் சேர்ந்து 110 பில்லியன் யூரோ கொடுத்தாங்க. சும்மா இல்லை, சம்பள வெட்டு, ஓய்வூதிய வெட்டு, வரி உயர்வுன்னு ஒரு பட்டியலோட. அதே மாசக் கடைசியில் பாப்பதேமோஸின் ஃபிராங்க்ஃபர்ட் பதவிக்காலம் முடிஞ்சது. ஊருக்கு வந்து பிரதமருக்கு ஆலோசகரா இருந்தார்.

அந்தப் பணமும் பத்தலை. 2011 அக்டோபர் கடைசியில், தனியார் கையில் இருக்கற கிரேக்கக் கடன் பத்திரங்களில் பாதியைத் தள்ளுபடி பண்ணலாம்னு ஐரோப்பியத் தலைவர்கள் ஒத்துக்கிட்டாங்க. கூடவே புது நிபந்தனைகள். பாப்பாண்ட்ரூ என்ன நினைச்சாரோ, அக்டோபர் 31 அன்னிக்கு இதை மக்கள் முன்னாடி வைக்கறேன், பொது வாக்கெடுப்பு நடத்தப் போறேன்னு அறிவிச்சுட்டார். ஐரோப்பாவே அதிர்ந்து போச்சு. கான் நகரில் ஜி-20 மாநாட்டுக்கு வந்திருந்த மெர்க்கெலும் சர்கோஸியும் கூப்பிட்டுக் கேட்டாங்க: யூரோவில் இருக்கணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு, அதுவரை பணம் கிடையாது. வாக்கெடுப்பு கைவிடப்பட்டது. தாத்தா, அப்பா, பிள்ளைன்னு மூணு தலைமுறையா பிரதமர் நாற்காலியைப் பார்த்த குடும்பத்தின் கடைசி வாரிசு ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போனார்.

அப்புறம்தான் நம்ம வங்கிக்காரர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நாலைஞ்சு நாள் இழுபறி. ரெண்டு பெரிய கட்சியும் சும்மா ஆதரவு தர்றோம்னு சொன்னா போதாது, அமைச்சரவைக்குள்ள வரணும் என்பது பாப்பதேமோஸின் பக்கம். சீக்கிரம் தேர்தல் வைக்கணும், பிப்ரவரியிலேயே வைக்கணும் என்பது எதிர்க்கட்சித் தலைவர் சமராஸ் பக்கம். நவம்பர் 11 அன்னிக்குப் பதவியேற்பு. சோஷலிஸ்ட் கட்சியான பாசோக், வலதுசாரி புதிய ஜனநாயகம், தீவிர வலதுசாரி லாவோஸ் மூணும் சேர்ந்த அரசு. 1974ல் ராணுவ ஆட்சி போனதுக்கு அப்புறம் தீவிர வலதுசாரிகள் அமைச்சரவையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நவம்பர் 16 அன்னிக்கு நம்பிக்கை வாக்கெடுப்பில் 255 பேர் ஆதரவு, 38 பேர் எதிர்ப்பு. அதே நாள் இத்தாலியில் மரியோ மோந்தின்னு இன்னொரு பொருளாதாரப் பேராசிரியரும் பிரதமரா பதவியேத்தார்.

இந்த 255 என்கிற எண் முக்கியம். வெளிநாட்டுக்காரன் கொண்டு வந்து உட்கார வெச்ச ஆளுன்னு அவரைத் திட்டறவங்க இந்த எண்ணைச் சொல்ல மாட்டாங்க. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம்தான் அவரைத் தேர்ந்தெடுத்தது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. அவரைப் புகழ்றவங்க சொல்லாம விடுறது இன்னொண்ணு. பத்து நாள் முன்னாடி அதே மக்களுக்கு ஒரு கேள்வி கேக்கறோம்னு சொல்லிட்டு, கேக்காமலே அந்தக் கேள்வியைப் புதைச்சுட்டுத்தான் இந்த அரசு வந்தது. ரெண்டும் உண்மை.

அவருக்குக் கொடுத்த வேலை ரெண்டே ரெண்டு. கடன் தள்ளுபடியை முடிக்கணும், 130 பில்லியன் யூரோ ரெண்டாவது உதவியை வாங்கணும். கெடு 2012 மார்ச் 20. அன்னிக்கு 14 பில்லியன் யூரோவுக்கு மேல ஒரு கடன் பத்திரம் முதிர்ச்சி அடையுது. கட்ட கஜானாவில் காசு இல்லை.

பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நாடாளுமன்றத்துக்குள்ள விவாதம். குறைந்தபட்சச் சம்பளத்தில் 22 சதவீத வெட்டு, 25 வயசுக்குக் கீழே இருக்கறவங்களுக்கு 32 சதவீத வெட்டு. மாசம் 751 யூரோ வாங்கினவருக்கு இனிமே 586. வெளியே சின்டாக்மா சதுக்கத்தில் கண்ணீர்ப் புகை. ஏதென்ஸ் நகர மையத்தில் கட்டடங்கள் எரிஞ்சுக்கிட்டிருக்கு. அட்டிகோன் என்கிற பழைய அழகான சினிமா தியேட்டரும் அதில் எரிஞ்சு போச்சு. லாவோஸ் கட்சி அதுக்கு முன்னாடியே கழண்டுக்கிச்சு. 199 பேர் ஆதரவா, 74 பேர் எதிர்த்து வாக்களிச்சாங்க. கட்சிக் கட்டளையை மீறின நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை ரெண்டு பெரிய கட்சியும் ஒரே ராத்திரியில் வெளியே தள்ளினது.

மார்ச்சில் தள்ளுபடி முடிஞ்சது. கணக்கு எளிமையா இதுதான்: நீங்க 100 யூரோவுக்குக் கிரேக்கக் கடன் பத்திரம் வெச்சிருந்தா, அதைக் கொடுத்துட்டு 31.50 யூரோவுக்கு நீண்டகாலப் புதுப் பத்திரமும், 15 யூரோவுக்கு ஐரோப்பிய நிதியத்தின் பத்திரமும் வாங்கிக்கணும். மீதி 53.50 போயே போச்சு. சுமார் 200 பில்லியன் யூரோ பத்திரங்கள் இப்படிக் கைமாறி, நூறு பில்லியனுக்கு மேல கடன் குறைஞ்சது. ஒத்துக்காதவங்களையும் கட்டிப்போடற மாதிரி ஒரு சட்டத்தை முன்கூட்டியே நிறைவேத்தி வெச்சிருந்தாங்க. வங்கிக்காரர் மூளை வேலை செஞ்ச இடம் இது.

சர்வதேச அளவில் அது பெரிய சாதனை. குழப்பமா திவாலாகி, பணம் எடுக்க ஏ.டி.எம் வாசல்ல கூட்டம் மிதிபட்டு, நாடு யூரோவை விட்டுத் தூக்கி எறியப்படற ஆபத்தை இது அந்த வருஷம் தள்ளிப் போட்டது. ஆனா நூறு பில்லியனையும் இழந்தது யாரு? வெளிநாட்டு வங்கிகள் மட்டும் இல்லை. கிரேக்க ஓய்வூதிய நிதிகள் அந்தப் பத்திரத்தில்தான் பணம் போட்டு வெச்சிருந்தது. அரசை நம்பிச் சேமிப்பைப் போட்ட சாதாரண ஜனங்களும் உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கி வெச்சிருந்த பத்திரங்களுக்கு மட்டும் விலக்கு. அவர் எட்டு வருஷம் துணைத் தலைவரா இருந்த அதே வங்கி. அதை அவர் முடிவு பண்ணலை என்பது எனக்குத் தெரியும். சேமிப்பு போன கிழவிக்கு இந்த வித்தியாசத்தை யார் போய் விளக்கறது?

2012 ஏப்ரல் 4 அன்னிக்குக் காலையில், சின்டாக்மா சதுக்கத்தில் நாடாளுமன்றத்துக்கு எதிரே, ஓய்வு பெற்ற 77 வயசு மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் துப்பாக்கியால் சுட்டுக்கிட்டு இறந்தார். முப்பத்தஞ்சு வருஷம் தானே பணம் கட்டிச் சேர்த்த ஓய்வூதியம் இல்லாமப் போச்சு, குப்பைத் தொட்டியில் சாப்பாடு தேடற நிலைமை வரதுக்கு முன்னாடி மானத்தோட போறேன் என்ற பொருளில் ஒரு கடிதம் வெச்சிருந்தார். அந்தக் கடிதத்தில் அரசை அவர் குறிப்பிட்ட பேர்தான் சோலாகோக்லு அரசு. அதாவது 1941ல் ஜெர்மன்காரன் உட்கார வெச்ச பொம்மை அரசு. 77 வயசுன்னா அந்தக் காலத்தைக் குழந்தையா பார்த்தவர்.

என்னைக் கேட்டா அந்த ஒப்பீடு வரலாற்றுப்படி சரியில்லை. பாப்பதேமோஸ் எதிரியிடம் சரணடைஞ்ச ஜெனரல் கிடையாது. நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த பிரதமர். ஆனா ஒரு கிழவருக்குத் தன் அரசு அந்நிய அரசு மாதிரித் தோணுதுன்னா, 255 வாக்கால அதை மறுக்க முடியாது.

மே 6 தேர்தல் வந்தது. 2009ல் 44 சதவீதம் வாங்கின பாசோக் 13 சதவீதத்துக்கு விழுந்தது. புதிய ஜனநாயகம் 19 சதவீதத்தைக்கூடத் தொடலை. லாவோஸ் நாடாளுமன்றத்துக்குள்ளயே வரலை. இடதுசாரி சிரிஸா ரெண்டாவது இடம். நாஜி வணக்கம் வைக்கற 'தங்க விடியல்' கட்சிக்கு 21 இடம்! ஆட்சி அமைக்க யாராலும் முடியலை. மே 16 அன்னிக்குப் பாப்பதேமோஸ் நாற்காலியை ஒரு நீதிபதிகிட்ட கொடுத்துட்டுப் போனார். அந்த நீதிபதி பேர் பிக்ராமெனோஸ். கிரேக்க மொழியில் அதுக்கு 'மனம் கசந்தவர்'னு அர்த்தம். யாரும் திட்டமிட்டு வெச்சது இல்லை, பேரே அப்படி :-)

நான் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப யோசிக்கறது இந்தத் தேர்தல் முடிவுக்காகத்தான். மக்கள் கோபத்தில் கட்சிகளைத் தண்டிச்சாங்க. பாப்பதேமோஸைத் தண்டிக்க வழியே இல்லை. அவருக்குக் கட்சி இல்லை, தொகுதி இல்லை, அடுத்த தேர்தல் இல்லை. அதனாலதான் அரசியல்வாதிகள் அவரைக் கூப்பிட்டாங்க. தாங்கள் போட பயந்த கையெழுத்தை ஓட்டு பயம் இல்லாத ஒருத்தர் போடணும். அந்த வேலையை அவர் ஒழுங்கா செஞ்சார். கெடு தவறலை. தேர்தல் வெச்சதும் நாற்காலியை விட்டு எழுந்து போனார். கிடைச்ச பதவியைக் கெட்டியா பிடிச்சுக்கலை என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனா ஓட்டு பயம் இல்லாத ஆட்சி நல்லதுன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகலை. படிச்ச மனுஷர், கறை படாத கை, கணக்கில் புலி, இவரை விட்டா யாருன்னு கேக்கறாங்க. கணக்கு எவ்வளவு குறையணும்னு அவருக்குத் தெரியும். அந்தக் குறையை யார் தலையில் கட்டணும் என்பது கணக்கு இல்லையே, அது அரசியல். சம்பளத்தை வெட்டறதா, வரி ஏய்ப்பவனைப் பிடிக்கறதா, ஓய்வூதிய நிதியைக் காப்பாத்தறதா என்பதெல்லாம் ஜனங்க முகத்தைப் பார்த்து, திட்டு வாங்கி முடிவு பண்ண வேண்டியது.

புதைச்ச கேள்வியும் சும்மா கிடக்கலை. 2015 ஜூலை 5 அன்னிக்கு சிரிஸா அரசு அந்த வாக்கெடுப்பை நடத்தியே விட்டது. 61 சதவீதம் பேர் நிபந்தனைகள் வேண்டாம்னு சொன்னாங்க. ஒரு வாரத்தில் அதே அரசு மூணாவது உதவிக்குத் தலையாட்டினது, பெரிசா 86 பில்லியன் யூரோ வரைக்கும். கேட்டும் பிரயோஜனம் இல்லையேன்னு நீங்க சொல்லலாம். ஆனா அந்தத் தடவை கையெழுத்துப் போட்டவரை மக்கள் செப்டம்பரில் திரும்பத் தேர்ந்தெடுத்தாங்க, 2019ல் வீட்டுக்கு அனுப்பினாங்க. ரெண்டுமே அவங்க கையில இருந்தது. 2018 ஆகஸ்ட்டில் கிரேக்கம் உதவித் திட்டங்களில் இருந்து வெளியே வந்தது.

பாப்பதேமோஸுக்கு அரசியல் அதோட முடிஞ்சாலும் அரசியல் அவரை விடலை. 2017 மே 25 அன்னிக்கு, ஏதென்ஸில் காரில் போய்க்கிட்டிருந்தப்போ தபால் உறை ஒண்ணைப் பிரிச்சார். உள்ளே வெடிகுண்டு. காலிலும் வயித்திலும் காயம். காரில் இருந்த இன்னும் ரெண்டு பேருக்கும் அடி. பதவியை விட்டு அஞ்சு வருஷம் ஆகியிருந்தது. உயிர் பிழைச்சார்.

நாலு வங்கிக்காரர்கள். ஒருத்தர் தன்னைச் சுட்டுக்கிட்டார், ஒருத்தர் கடல் தாண்டிப் போனார், ஒருத்தர் நூறு வயசு வரை நிம்மதியா வாழ்ந்தார், ஒருத்தருக்குத் தபாலில் குண்டு வந்தது. நாலு பேருமே தாங்கள் உண்டாக்காத நெருப்பை அணைக்கக் கூப்பிடப்பட்டவங்கன்னு ஒரு பக்கம் சொல்லலாம். பாப்பதேமோஸ் விஷயத்தில் மட்டும், அந்த வீட்டுக்கு வயரிங் பண்ணின ஆட்களில் அவரும் ஒருத்தர்னு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கு. அவர் தீயை அணைச்சாரா, இல்லை பக்கத்து அறைக்குத் தள்ளினாரான்னு கிரேக்கர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. எனக்குத் தோணறது, பாதியை அணைச்சார், பாதியைத் தள்ளினார். தள்ளின அறையில் தூங்கிக்கிட்டிருந்தது அந்த மருந்துக்கடைக்காரர் மாதிரி ஆட்கள்.